திரும்பாத முதுகு

முடி, எங்கே பார்த்தாலும் முடி, மழையும் வியர்வையும் பீரும் சேர்ந்து ஊறிய முடி, எனக்கு முன்னால் நிற்கிற பையன்கள் எல்லோரும் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு சுழற்றுக்கும் என் முகத்தில் ஒரு தூறல் விழுகிறது, நான் வாயை இறுக்க மூடிக்கொள்கிறேன், உதட்டில் பட்டதைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தால் அதுவும் ஈரம், யார் ஈரமோ என்று அதைக் கீழே எறிகிறேன், கஞ்சி போட்டுத் தேய்த்து வாங்கிவந்த என் வேட்டி முழங்கால்வரை செம்மண் சேறாகிக் காலோடு ஒட்டிக்கிடக்கிறது, மேடையில் ஒருவன் தொண்டைக்குள் கையை விட்டு எதையோ பிடுங்குபவன்போல ஓங்கரித்துக்கொண்டிருக்கிறான், அதற்குப் பாட்டு என்று பெயராம், என் பக்கத்தில் என் அக்காவின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மச்சான், அறுபதைத் தாண்டிய மனுஷர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாரியம்மன் நோம்பியில் தீக்குண்டம் இறங்குவதைப் பார்க்க வந்தவர்போல நிதானமாக நின்றுகொண்டிருக்கிறார், அவருக்கென்ன, அவருக்குத்தான் காது கேட்காதே. இதெல்லாம் போன ஆவணியில் பெங்களூருக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானத்தில் நடந்தது, இப்போதும் மத்தியானம் கடையில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தால் அந்த முடி வந்துவிடுகிறது, கனவில் நாற்றம் வராது என்பார்கள், எனக்கு வருகிறது, நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறேன்.

நான் பல்லடத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவன், சத்தம் எனக்குப் புதிதில்லை, பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்குகிற சனம் எங்கள் சனம், தட்டினால் ணங்கென்று ஒரு சத்தம் கிளம்பும், கொஞ்ச நேரம் நின்று, பிறகு அடங்கும், அடங்கத் தெரிந்ததைத்தான் நான் சத்தம் என்பேன், இவர்கள் போடுவது அடுக்கில் இருக்கிற அண்டா குண்டா தவலை எல்லாம் மொத்தமாகச் சரிந்து, சரிந்ததை எடுத்து வைக்காமல் அதன்மேலேயே ஏறி மிதிக்கிற சத்தம். அதை நான் முதன்முதலில் கேட்டது என் கடையிலேயேதான், அக்கா சாரதாமணி ஒரு நாள் முகமெல்லாம் வீங்க வந்து தன் போனை நீட்டினாள், பாருடா உன்ற மருமக பண்ற வேலைய என்றாள், அழுத்தியதும் அது அலற ஆரம்பித்தது, அவளுக்குக் குறைக்கத் தெரியவில்லை, எனக்குப் பதற்றத்தில் கை ஓடவில்லை, சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது, யாருக்கோ காக்காய்வலிப்பு வந்துவிட்டதென்று நினைத்து ஒரு அம்மாள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடிவந்தாள். அந்த அலறல் அக்கா மகள் யுவராணியுடையது, படித்து முடித்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், இரண்டு வருஷமாக நாலு பையன்களோடு சேர்ந்து குழு ஒன்று வைத்து மேடை மேடையாகக் கத்திக்கொண்டிருக்கிறாள், சிறுசில் என் கடையில் உட்கார்ந்து கரண்டிகளை அளவு வாரியாக அடுக்கித் தந்த பொடுசு, அந்த வாயிலிருந்தா இது என்று எனக்கு அருவருப்பு முதலில் வந்தது, வருத்தம் பிறகுதான் வந்தது.

காங்கேயத்தில் அரிசி ஆலைக்காரர் வீட்டு வரன் ஒன்று கூடி வந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள், வந்துவிட்டுப் போ என்று அக்கா போனில் கெஞ்சியிருக்கிறாள், அதற்கு யுவராணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், அப்பா ஒரு தடவை வந்து நான் பாடுவதைக் கேட்கட்டும், கேட்டுவிட்டு அவர் நிறுத்து என்றால் அன்றோடு நிறுத்திவிடுகிறேன், நீங்கள் காட்டுகிற இடத்தில் கழுத்தை நீட்டுகிறேன், அவர் நிறுத்த வேண்டாமென்றால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அக்காவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததாம், முப்பது வருஷம் விசைத்தறிக் குடோனில் நின்று காதைத் தொலைத்த மனுஷரை வந்து பாட்டுக் கேட்கச் சொல்கிறாளே, இதிலென்ன நிபந்தனை, நமக்கு நல்லதாகத்தான் போயிற்று என்றாள், என்னைத் துணைக்கு அனுப்பினாள், அவருக்கு ஒரு எழவும் கேக்காது, நீ என்ன சொல்றயோ அதான் அவருக்குக் காது, ஈனமா இருக்குது மச்சான்னு சொல்லீரு, சனமெல்லாம் காறித் துப்புதுன்னு சொல்லீரு, முடிஞ்சுது சோலி. எனக்கு அதில் மறுப்பே இல்லை, அது ஈனமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல வேண்டிய வேலைகூட இல்லை. கிளம்பும்போது, பெண் பார்க்கும் நாளுக்கென்று ஒரு பையையும் கையில் திணித்தாள், உள்ளே அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை, கூடவே நீளமாக ஒரு சவுரிமுடி, செய்தித்தாளில் சுற்றியிருந்தது, பஸ்ஸில் அது என் மடியில் ஏதோ செத்துப்போன பிராணியைப்போலக் கிடந்தது.

சவுரி எதற்கென்று எங்கள் ஒறம்பரையில், சொந்தபந்தத்தில், எல்லோருக்கும் தெரியும், வெளியில் தெரியாது. யுவராணி ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து குடோனுக்குள் போனாள், மோட்டார் பெல்ட்டில் ஜடை சிக்கிவிட்டது, இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோலோடு பிய்ந்துபோய்விட்டது, அந்த இடத்தில் அதற்குப்பிறகு முடி முளைக்கவில்லை. புள்ளை ஒரு சத்தம் போடவில்லை, சிக்கியதும் மயங்கிவிட்டாள், ஏதோ தெய்வம்தான் மச்சானை அந்நேரம் திரும்பிப் பார்க்க வைத்தது, இது அக்கா சொல்லிச் சொல்லி எங்களுக்கெல்லாம் மனப்பாடமான கதை, நானும் கல்யாணப் பந்திகளில் சொல்லியிருக்கிறேன், அப்பன் மட்டும் திரும்பலேன்னா என்று இழுத்து நிறுத்துவேன், கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், மச்சான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார், அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் நான் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியும். காது போனவர்களுக்கு மற்றவர்களின் வாய்தான் எல்லாம், தறிக்குடோனில் வேலை செய்பவர்கள் யாரும் குரலை எழுப்பிப் பேசுவதில்லை, எழுப்பியும் பிரயோசனமில்லை, உதட்டை நன்றாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள், நாலு தறிக்கு அப்பாலிருந்து, டீ வந்துருச்சு, இழை அறுந்துருச்சு, மொதலாளி வர்றான் என்று உதடு சொல்லும், எதிரே நிற்பவன் கண்ணால் கேட்டுக்கொள்வான், மச்சானுக்கு அது இன்னும் போகவில்லை, காதுமிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அது இரைகிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது கூச்சமாக இருக்கும்.

மைதானத்து வாசலில் கையில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினார்கள், காவலாள் என் வேட்டி மடிப்பைத் தடவிப் பார்த்தான், வெற்றிலைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தான், கழுதைக்கு என்ன தெரியும், முகம் முழுக்கப் பச்சை குத்திய ஒரு பெண் தட்டில் வைத்து ரப்பர் அடைப்புகளை நீட்டினாள், காதில் செருகிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினாள், நான் இரண்டை எடுத்துக்கொண்டேன், மச்சான் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார், எதுக்குங் மாப்ளே இது என்று கேட்டார், சத்தத்துல காது போயிருமாமுங்க மச்சான் என்று உதட்டால் சொன்னேன், அவர் அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, இத எனக்கு அன்னைக்கே குடுத்திருக்கோணும் என்றார், அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அவள் கும்பிட்டாள். உள்ளே போனால் கால் வைக்க இடமில்லை, இடம் இருந்தால் அங்கே சேறு, கழிப்பறை என்று வரிசையாக நீலப் பெட்டிகளை நிறுத்தியிருந்தார்கள், ஒன்றின் கதவைத் திறந்துவிட்டு நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன், பொழுதுக்கும் அடக்கிக்கொண்டுதான் நின்றேன். எத்தனையோ குழுக்கள், ஒன்றின் பெயரையும் படிக்க முடியவில்லை, முள்ளுச்செடியை வேரோடு பிடுங்கிப் பலகையில் அறைந்தமாதிரி எழுத்து, முதலில் வந்தவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள், அடுத்து வந்தவன் வாயில் சாயத்தை வைத்துக்கொண்டு ரத்தம்போலக் கொப்பளித்தான், முன்வரிசைக்காரர்கள் அதை முகத்தில் வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள், நடுவில் வட்டமாக இடம் விட்டு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிக்கொண்டார்கள், விழுந்தவனைத் தூக்கிவிட்டு மறுபடியும் முட்டினார்கள், படித்த பிள்ளைகள், மாதச்சம்பளம் வாங்குகிற பிள்ளைகள், இவர்களைப் பெற்றவர்கள் எல்லாம் எங்கே இருந்துகொண்டு எந்தச் சாமிக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தேன். மச்சானிடம் ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்துக் காட்டினேன், கருமாந்திரமுங்க மச்சான் என்றேன், அவர் தலையாட்டிக்கொண்டார், கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, குடோன் ஓடுறாப்பலயே இருக்குது மாப்ளே, நெஞ்சுல அடிக்குது என்றார், அதில் வெறுப்பு இல்லை, எனக்கு எரிச்சலாக வந்தது.

யுவராணி எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள், கறுப்புப் பனியன், கறுப்பு நிஜார், காலில் கல்லுடைக்கப் போகிறவன் போடுகிற பூட்ஸ், தலையில் ஒரு தொப்பி, அப்பாவின் முன்னால் வந்து நின்று, வந்துட்டீங்களாப்பா, சாப்பிட்டீங்களா என்று உதட்டை அசைத்துக் கேட்டாள், அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டேன் அம்மிணி என்றார், அப்புறம் என்னைப் பார்த்து, வேட்டியிலயா மாமா வந்தீங்க என்று சிரித்தாள், சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. பையை நீட்டினேன், அம்மா குடுத்துவுட்டாங்க என்றேன், பிரித்துப் பார்த்தாள், செய்தித்தாளுக்குள் கையை விட்டுச் சவுரியைத் தடவினாள், மடித்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினாள், எனக்குத் திக்கென்றது, இடது பக்கம் முழுக்க வழித்திருந்தாள், நாங்கள் இத்தனை வருஷமாக எண்ணெய் வைத்து, சீவி மறைத்து, பூ வைத்து மூடி, போட்டோ எடுப்பவனுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வந்ததை, அந்த வழுவழுப்பான தழும்புத் தோலை, ஊர் பார்க்கத் திறந்து வைத்திருந்தாள், ஏன் சாமி இப்படிப் பண்றே என்று கேட்டேன், பாடறப்ப வேர்க்குது மாமா என்றாள், இது ஒரு பதிலா, மச்சான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், தொடப்போவதுபோலக் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டார். போகும்போது அவரிடம், அந்தப் பெரிய திரையப் பாருங்கப்பா, என்ன மட்டும் பாருங்க, வேற எங்கயும் பாக்காதீங்க என்றாள், இரண்டு தடவை சொன்னாள், அவர் சரியென்று தலையாட்டினார், அது எதற்கென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவள் முறை வந்தபோது பொழுது இன்னும் இறங்கவில்லை, மேடைக்கு இரண்டு பக்கமும் பந்தல் உயரத்துக்குத் திரை வைத்திருந்தார்கள், அதில் அவள் முகம், ஒரு கண் ஒரு ஆள் உயரம் இருக்கும், வாய் திறந்தால் குகை மாதிரி, அது திறந்தது, அத்தனை குழுக்களிலும் இதுதான் மோசம், மற்றவன் எவனோ ஒருவன், இது என் அக்கா மகள், தொண்டை அறுபடுகிற ஆட்டின் சத்தத்தை விரும்பிப் போடுகிறாள், முன்னால் இருந்த முடிகள் எல்லாம் சுழல ஆரம்பித்தன, பக்கத்தில் ஒருவன் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு விரலைக் கொம்பாக மடித்து ஆட்டினான், நான் ரப்பர் அடைப்பை இன்னும் உள்ளே அழுத்தினேன், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை விளங்கியது என்று சொல்லமுடியாது, எந்த மொழி என்றே தெரியவில்லை. அப்போது காதுக்குப் பக்கத்தில் மச்சானின் குரல், காது போனவரின் குரல் எந்த இரைச்சலுக்குள்ளும் நுழைந்து வந்துவிடும், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் வரும், தமிழ்தாங் மாப்ளே பாடறா என்றார், உங்களுக்கு எப்புடிங் தெரியும் என்றேன், வாயைக் காட்டினார், திரையில் திறந்து மூடுகிற அந்தப் பெரிய வாயை, அவருக்கு அது விளக்கு வெளிச்சத்தில் வைத்த புத்தகம்போல இருந்திருக்கிறது, தறி நாடா ஓடுதுன்றா, அவர் சொல்லிக்கொண்டே வந்தார், இழை அறுந்துதுன்றா, நம்ம குடோனப் பத்திப் பாடறா மாப்ளே, முகத்தில் ஒரு பெருமிதம், இத்தனை ஆயிரம் பேரில் தனக்கு மட்டும் விளங்குகிறதே என்கிற பெருமிதம், நான் சனியனே என்று நினைத்துக்கொண்டேன், இவர் மயங்கிவிட்டால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது.

அடுத்த பாட்டு மெதுவாக ஆரம்பித்தது, மெதுவாக என்றால் ஒரே ஒரு கருவி மட்டும் டக்கு டக்கு டக்கு என்று தறி ஓடுகிற கதியில், பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது, மச்சான் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார், பெல்ட்டு என்றார், ஜடை என்றார், அப்புறம் நிறுத்திக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், உதடு மட்டும் அசைந்தது, அவள் உதட்டோடு சேர்ந்து அசைந்தது, சிறுபிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல, என்னங் மச்சான் என்று அவர் தோளைத் தட்டினேன், அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, கூப்ட்டனேன்றா, என்றார், கூப்ட்டனே கூப்ட்டனேன்றா, உங்க முதுகு மட்டுந் தெரிஞ்சுதுன்றா, சட்டை போடாத முதுகு, வேர்வை ஒழுகுது, திரும்புங்கப்பா, திரும்புங்கப்பா, திரும்புங்கப்பா. அந்த இடம் பாட்டில் திரும்பத் திரும்ப வந்தது, அவர் சொன்னபிறகு எனக்கும் அது கேட்டது, அந்த அறுபடுகிற குரலுக்குள்ளே, பேய் பிடித்த அந்த ஓங்கரிப்புக்குள்ளே, திரும்புங்கப்பா என்றுதான் இருந்தது, தோல் பிய்கிற நேரத்தில்கூட எங்கள் வீட்டுப் பிள்ளை அப்பனைத் திரும்பு என்று சொல்லவில்லை, திரும்புங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. அவள் அதைக் கத்துகிற ஒவ்வொரு தடவையும் கூட்டம் குதித்தது, கையில் வைத்திருந்ததை எல்லாம் மேலே விசிறியது, நாக்கைத் தொங்கவிட்டவன் ஆனந்தத்தில் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான், அவன் கையை ஓங்கித் தட்டிவிட்டேன், இவர்களுக்கு முன்னாலா, இந்த எச்சில் கூட்டத்துக்கு முன்னாலா இதைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்று நினைத்தேன், அப்புறம்தான் உறைத்தது, இவர்களில் ஒருவனுக்கும் ஒரு சொல்லும் விளங்காது, இதைவிடத் தோதான இடம் அவளுக்குக் கிடைத்திருக்காது, விளங்குகிற ஒரே ஆளை வரவழைத்து, திரைக்கு எதிரே நிறுத்தி, என்னை மட்டும் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்போதும் எனக்கு அது பாட்டாகக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை, அருவருப்பு அருவருப்பாகத்தான் இருந்தது, ஆனால் அது யார்மேல் என்றுதான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பாட்டு முடிந்து, அவர்கள் கும்பிட்டு, கூட்டம் ஊளையிட்டு, எல்லாம் ஆனபிறகும் மச்சான் அசையவில்லை, நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தேன், வழியில் அவர் சொன்னார், யாரிடமோ சொல்வதுபோல, கரண்டு போனதுனாலதாங் மாப்ளே நா அன்னைக்குத் திரும்புனேன், தெய்வமுமில்ல ஒண்ணுமில்ல, தறியெல்லாம் நின்னுபோச்சு, ஏன்டா நின்னுதுன்னு திரும்புனேன், அது எனக்குத் தெரியும், புள்ள கூப்ட்டதுதான் தெரியாது. புள்ள சத்தமே போடலைன்னு உங்கக்கா சொன்னாளே, என்றார், எத்தனை கேட்டாலும் அதையேதான் சொன்னா, நானும் சத்தம் போடாம மயங்கிட்டாளேன்னுதான் மனசத் தேத்திக்கிட்டேன். நானும் அதைத்தான் கேட்டிருந்தேன், அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிகள் நிற்கிற இடத்தில் யுவராணி வந்து நின்றாள், தலையில் துண்டு, கழுத்தெல்லாம் வியர்வை, கிட்டே வந்தபோது எனக்கு மூச்சை அடக்க வேண்டியிருந்தது, அவளைப் பார்த்தால் ஆடி முடித்தவள் மாதிரியே இல்லை, பரீட்சை எழுதிவிட்டு வாசலில் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தாள். மச்சான் அவளிடம் கேட்டார், நீ கூப்ட்டத அம்மாகிட்டச் சொன்னயா சாமி. ஆஸ்பத்திரியிலயே சொன்னனுங்கப்பா, என்றாள் அவள், நீங்க தாங்கமாட்டீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க, சொல்லவே இல்ல நானு. அப்போது பின்னால் அடுத்த குழு ஆரம்பித்துவிட்டது, மைதானம் மறுபடி அதிர்ந்தது, ஜெனரேட்டர் வேறு, அவள் குரலை விட்டுவிட்டுக் குடோன் பேச்சுக்கு மாறினாள், சத்தமே இல்லாமல் உதட்டால் கேட்டாள், நிறுத்திரட்டுங்களாப்பா. எனக்கே அது விளங்கியது. நான் செய்ய வேண்டியது இதுதான், இந்த இடத்தில் மச்சானைப் பார்த்து ஈனமா இருக்குதுங் மச்சான் என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் பஸ் ஏறி வந்தது, அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை, அவள் தலையிலிருந்த துண்டை விலக்கி அந்த வழுவழுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார், சரியாக அந்த அகலம்தான் இருந்தது, பிறகு கையை எடுத்துக்கொண்டு, மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, வெறும் முதுகோடு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார், கோபித்துக்கொண்டுதான் திரும்புகிறார் என்று நினைத்தேன், அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், முகம் சுண்டிவிட்டது.

கூப்புடு அம்மிணி, என்றார் அவர், வேலியைப் பார்த்துக்கொண்டு. அவள் என்னைப் பார்த்தாள். கூப்புடு, அன்னைக்குக் கூப்ட்டாப்பலயே கூப்புடு. அவள் கூப்பிட்டாள், முதலில் சாதாரணமாக, அப்பா என்று, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது, அவர் அசையவில்லை, கூப்ட்டயா, கேக்கல சாமி, இன்னுங் கூப்புடு என்றார், அவள் மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள், பொழுதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருந்த அதே குரல், ஜெனரேட்டரோடு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவர் முதுகில் வியர்வை இறங்கியது, திரும்பவில்லை, நான் தோளைத் தொடப் போனேன், தொட்டால் திரும்பிவிடுவார், அவள் வேண்டாமென்று கையை ஆட்டினாள். கேக்கல, என்றார் அவர், கேக்கற வரைக்கும் கூப்புடு, நிறுத்தாத. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, அக்காதான், ஒரு காதின் அடைப்பைப் பிடுங்கி, மறுகாதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன், என்னடா ஆச்சு, நிறுத்தச் சொல்லீட்டாரா என்று கேட்டாள், இல்லக்கா, கூப்புடச் சொல்றாரு என்றேன், ஆரைடா கூப்புடச் சொல்றாரு என்றாள், நான் போனைக் காதிலிருந்து எடுத்து யுவராணி பக்கமாக நீட்டினேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாள், திரும்புங்கப்பா, கொஞ்சம் விட்டு மறுபடியும், திரும்புங்கப்பா. போனைத் திரும்பக் காதில் வைத்தபோது அக்கா துண்டித்திருப்பாள் என்று நினைத்தேன், துண்டிக்கவில்லை, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம், அவரு திரும்பீட்டாராடா, என்று கேட்டாள்.

இன்னும் இல்லக்கா, என்றேன்.